ஐந்தரை ஆண்டு கிடைக்காத மேல்சட்டை: அசாரியா சேம்பர்லின் வழக்கு

அந்த ராத்திரி அந்த இடத்தில் இருந்தவர்கள் யாரும், கைக்குழந்தை அசாரியாவைப் பறிகொடுத்த தாய் லிண்டி சேம்பர்லினைச் சந்தேகிக்கவில்லை. இந்த வழக்கைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை முதலில் நிறுத்தியது அதுதான். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள், சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தவர்கள், மணலில் தடம் பார்த்தவர்கள், தேசியப் பூங்காவின் தலைமைக் காவலர் எல்லோரும் அவர் சொன்னதை நம்பினார்கள். சந்தேகம் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே இல்லாதவர்களிடம்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கொஞ்சம், டார்வினில் அதிகம், சிட்னியிலும் மெல்போர்னிலும் இன்னும் அதிகம். கடைசியில் லண்டனில் ஓர் ஆய்வறையில் உட்கார்ந்திருந்தவர்தான் அந்தச் சந்தேகத்துக்கு அறிவியல் முத்திரை குத்தினார்.

1980 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் செம்மண் பூமியில் நிற்கும் உலூரு பாறைக்கு அப்போது ஏயர்ஸ் ராக் என்று பெயர். மவுண்ட் ஐசா என்ற சுரங்க ஊரிலிருந்து மைக்கேல் சேம்பர்லின் குடும்பத்தோடு காரில் வந்து அங்கே கூடாரம் போட்டிருந்தார். அவர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். மனைவி லிண்டி, ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பையன்கள், பிறந்து ஒன்பது வாரமே ஆன அசாரியா என்ற பெண் குழந்தை.

இரவு எட்டு மணிவாக்கில் லிண்டி தூங்கிய குழந்தையைக் கூடாரத்தில் படுக்கவைத்தார். சின்னவன் ஏற்கெனவே உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். பெரியவனுக்குப் பசி அடங்கவில்லை. காரிலிருந்து ஒரு டின் பீன்ஸ் எடுத்துக்கொண்டு அவனோடு சமையல் இடத்துக்குத் திரும்பினார். போய் வர ஐந்து முதல் பத்து நிமிடம். சற்று நேரத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்டது. மைக்கேலுக்கும் கேட்டது, கூட நின்று பேசிக்கொண்டிருந்த டாஸ்மேனியாவைச் சேர்ந்த இன்னொரு இளம் தாய்க்கும் கேட்டது. லிண்டி கூடாரத்தை நோக்கி நடந்தார். கூடாரத்திலிருந்து ஒரு டிங்கோ, அதாவது ஆஸ்திரேலியக் காட்டு நாய், தலையை உதறிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தார். பிறகு அவர் போட்ட கூச்சல் உலகமெங்கும் போனது: டிங்கோ என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்த டாஸ்மேனியத் தாயின் சாட்சியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லிண்டி சமையல் இடத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் குழந்தை அழுதது என்று கடைசிவரை மாறாமல் சொன்னவர் அவர். அது உண்மையென்றால் வழக்கே இல்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கு அந்த அழுகைக்குச் சற்று முன்பு நாய் உறுமும் சத்தம் கேட்டிருந்தது.

அன்று ராத்திரி சுமார் 300 பேர் கைவிளக்கோடு மணல்மேட்டில் வரிசை கட்டித் தேடினார்கள். பூங்காவின் தலைமைக் காவலர் டெரெக் ராஃபுக்கு இது அதிர்ச்சி, ஆனால் வியப்பு அல்ல. டிங்கோக்கள் மனிதப் பயம் விட்டுப்போய் ஆட்களை நெருங்குகின்றன, அவற்றைக் குறைக்காவிட்டால் விபரீதம் நடக்கும் என்று அவர் அரசுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தார். சில வாரங்களுக்கு முன்னால்தான் ஒரு சிறுமியை டிங்கோ காரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தது.

அந்த மண்ணின் சொந்தக்காரர்களான அனங்கு மக்களில் தடம் பார்ப்பதில் தேர்ந்தவர்களை ராஃப் உடனே அழைத்தார். நிப்பர் வின்மாட்டி, நுய் மின்யின்டிரி ஆகியோர் வந்தார்கள். சின்ன வயதிலிருந்து மணலைப் படித்தே வேட்டையாடி வளர்ந்தவர்கள். கூடாரத்திலிருந்து போன டிங்கோ தடத்தைப் பிடித்தார்கள். அது எதையோ சுமந்து போயிருக்கிறது என்று தடத்தின் அழுத்தத்தை வைத்துச் சொன்னார்கள். ஓரிடத்தில் அந்தச் சுமையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கியிருக்கிறது. அங்கே மணலில் பின்னல் துணி பதிந்த அடையாளம் இருந்தது. இதைவிட நேரடியான ஒரு சாட்சியம் இந்த வழக்கில் பின்னால் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் அது ஆய்வறையில் பிறந்த சாட்சியம் இல்லை, சொன்னவர்கள் வெள்ளையர்களும் இல்லை. அதனால் எடுபடவில்லை. இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, பாறையின் மேற்குப் பக்க அடிவாரத்தில் ஒரு சுற்றுலாப் பயணி குழந்தையின் துணிகளைக் கண்டார். கால்வரை மூடும் உடை, உள்பனியன், காலுறைகள், கிழிந்த டயப்பர். கழுத்துப் பக்கம் ரத்தம். புகைப்படம் எடுப்பதற்கு முன்பே, வந்த போலீஸ்காரர் துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். பிறகு எடுத்த படத்தில் அது மடித்து வைத்ததுபோல் தெரிகிறதா, கிடந்தபடி கிடக்கிறதா என்று நாடு முழுக்க வருடக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. 'நாய் துணியைக் கழற்றி மடித்து வைக்குமா' என்ற கேள்வி வீட்டுக்கு வீடு ஒலித்தது.

ஒரு துணி மட்டும் கிடைக்கவில்லை. உடைக்கு மேலே ஒரு வெள்ளைப் பின்னல் மேல்சட்டை, எலுமிச்சை நிற ஓரம் போட்டது, குழந்தைக்குப் போட்டிருந்தேன் என்று லிண்டி ஆரம்பத்திலிருந்தே சொன்னார். கிடைத்த துணிகளில் டிங்கோவின் எச்சில் தென்படாததற்கும், நாய்ப்பல் தடம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லாததற்கும் அந்த மேல்சட்டை விடை சொல்லும். போலீஸ் அதை நம்பவில்லை. அப்படி ஒரு மேல்சட்டையே கிடையாது, அது வசதிக்காகச் சொன்ன கதை என்று பின்னாளில் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வாதிட்டது.

இதற்குள் ஊர் வாய் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. பறிகொடுத்த சில நாட்களிலேயே பெற்றோர் தொலைக்காட்சியில் பேசினார்கள். சாவுக்குப் பின் உயிர்த்தெழுதல் உண்டு என்று உறுதியாக நம்பியவர்கள், ஆகவே நிதானமாகப் பேசினார்கள். அதுவே குற்றமாயிற்று. 'பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே' என்று நம் ஊரில் எழவு வீட்டு வாசலில் சொல்வார்களே, அதே பேச்சுதான் அங்கே ஆங்கிலத்தில் நடந்தது. லிண்டி பின்னாளில் கோர்ட்டுக்கு என்ன உடுத்தி வந்தார், முகம் எப்படி இருந்தது என்று பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. அழுதிருந்தால் நடிக்கிறாள் என்று சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் மதம். அட்வென்டிஸ்ட் சபை சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் ஒரு சிறிய கிறிஸ்தவப் பிரிவு. பலருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாத இடத்தைக் கற்பனை நிரப்பியது. அசாரியா என்ற பெயருக்கு 'வனாந்தரத்தில் பலி' என்று பொருள் என ஒரு புரளி கிளம்பியது. துளியும் உண்மை இல்லை. அது தேவனின் உதவியைக் குறிக்கும் ஒரு எபிரேயப் பெயர். குழந்தைக்குக் கறுப்பு கவுன் தைத்தாளாம் என்றார்கள். தைத்தது உண்மை, சிவப்பு ரிப்பன் வைத்து, அழகுக்காக. வீட்டில் சின்ன சவப்பெட்டி இருந்ததாம் என்றார்கள். இருந்தது. புகைபிடிப்பதற்கு எதிரான கூட்டங்களில் மைக்கேல் காட்டுவதற்காக வைத்திருந்த பொருள் அது. வதந்திகளுக்குள் இப்படிக் கொஞ்சம் உண்மை கலந்து இருந்ததால்தான் அவற்றை மறுக்க முடியாமல் போயிற்று.

முதல் மரண விசாரணையை ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நடத்தியவர் டெனிஸ் பாரிட். 1981 பிப்ரவரி 20 அன்று தன் முடிவைத் தொலைக்காட்சியில் நேரலையாகவே அறிவித்தார். அந்த நாட்டில் அது புதுமை. வதந்திகளை ஒரேயடியாக நிறுத்தவே அப்படிச் செய்தார். குழந்தையை எடுத்துப் போனது டிங்கோ, பெற்றோருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை என்றார். போலீஸின் தடயவியல் வேலையைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் துணி கிடந்த விதத்தைப் பார்த்துவிட்டு, பிறகு யாரோ ஒரு மனிதர் உடலை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் 'யார் அந்த மனிதர்' என்று கேட்க அது இடம் வைத்துவிட்டது. கண்டிக்கப்பட்ட போலீஸோ கோப்பை மூடும் மனநிலையில் இல்லை.

துணிகள் லண்டனுக்குப் போயின. ஜேம்ஸ் கேமரன் என்ற தடயவியல் பேராசிரியர் அவற்றைப் புற ஊதா வெளிச்சத்தில் ஆராய்ந்து, உடையின் கழுத்து கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கிறது, துணியில் ரத்தம் தோய்ந்த மனிதக் கைத்தடம் தெரிகிறது என்று எழுதினார். 1972இல் லண்டனில் நடந்த ஒரு கொலையில் இளைஞர்கள் மூவர் தவறாகத் தண்டிக்கப்பட்டதற்கு இவர் சாட்சியமும் ஒரு காரணமாக இருந்தது என்பது அப்போதே தெரிந்த விஷயம். அப்படியும் 1981 செப்டம்பரில் உலூருவும் டார்வினும் அடங்கிய வடக்குப் பிரதேசத்தின் முதலமைச்சர் பால் எவரிங்ஹாம் விசாரணையை மறுபடி திறப்பதாக அறிவித்தார். போலீஸ் சேம்பர்லின் வீட்டைச் சோதித்து நூற்றுக்கணக்கான பொருட்களை அள்ளிப் போனது. அவர்களுடைய மஞ்சள் டொரானா காரையும் எடுத்துப் போனது.

சிட்னி ஆய்வறையின் ஜாய் கூல் அந்தக் காரில் ரத்தம் கண்டுபிடித்ததாகச் சொன்னார். சும்மா ரத்தம் இல்லை, சிசுவின் ரத்தம். பிறந்து சில மாதங்கள் வரை குழந்தைகளின் ரத்தத்தில் மட்டும் பெரும்பங்கு இருக்கும் ஒரு வகை ஹீமோகுளோபின் இருந்ததாம். முன்பக்க டாஷ்போர்டுக்குக் கீழே தெறித்த மாதிரி ஒரு தடம் இருந்தது, வெட்டிய தமனியிலிருந்து பீறிட்டது என்றார்கள். சோதனை செய்த தட்டுகளை ஆய்வறை வழக்கப்படி அழித்துவிட்டது. எதிர்த்தரப்பு அதை மறுபடி சோதித்துப் பார்க்க வழியே இல்லை. இரண்டாவது மரண விசாரணை முடிந்து 1982 தொடக்கத்தில் லிண்டி கொலைக் குற்றத்துக்கும், மைக்கேல் கொலையை மறைக்க உதவியதற்கும் விசாரணைக்கு அனுப்பப்பட்டார்கள்.

1982 செப்டம்பர் 13 அன்று டார்வினில் தொடங்கியது விசாரணை. அரசு வழக்கறிஞர் இயன் பார்க்கர் வைத்த கதையைக் கவனித்துப் பாருங்கள். லிண்டி ஐந்து பத்து நிமிடத்துக்குள் குழந்தையோடும் ஆறு வயது மகனோடும் கூடாரத்துக்குப் போனார். மேலே ஒரு டிராக் சூட் மாட்டிக்கொண்டார். குழந்தையைக் காரின் முன் இருக்கைக்குக் கொண்டுபோய்க் கழுத்தை அறுத்தார். உடலைக் காருக்குள் ஒளித்தார். ரத்தம் துடைத்து, உடை மாற்றி, பீன்ஸ் டின்னை எடுத்துக்கொண்டு மகனோடு சிரித்த முகமாகத் திரும்பி வந்து பேச்சைத் தொடர்ந்தார். ஏன் கொன்றார் என்பதற்குக் காரணம் எதையும் அரசுத் தரப்பு சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை என்றது. உடல் இல்லை, ஆயுதம் இல்லை, நோக்கம் இல்லை. திரும்பி வந்த பிறகும் குழந்தை அழுததைக் கேட்ட சாட்சி வேறு இருந்தார்.

நீதிபதி ஜேம்ஸ் மியூர்ஹெட் ஜூரிக்குச் சொன்ன தொகுப்புரை விடுதலைப் பக்கமே சாய்ந்திருந்தது. ஜூரி அப்படிப் பார்க்கவில்லை. அக்டோபர் 29 அன்று குற்றவாளி என்றது. லிண்டிக்கு ஆயுள் தண்டனை, மைக்கேலுக்கு 18 மாதம், அது நிறுத்திவைக்கப்பட்டது. நீதிமன்றத்துக்கு வெளியே சிலர் 'டிங்கோ நிரபராதி' என்று எழுதிய பனியன் விற்றார்கள். லிண்டி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. சிறைக் காவலில் நவம்பர் 17 அன்று இன்னொரு பெண் குழந்தை பிறந்தது, பிறந்த கொஞ்ச நேரத்தில் அதை எடுத்துக்கொண்டார்கள். மேல்முறையீட்டுக்காக ஜாமீன் கிடைத்தது. 1983 ஏப்ரலில் முறையீடு தோற்றதும் திரும்பவும் பெரிமா சிறை. 1984 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் 3க்கு 2 என்ற கணக்கில் கைவிட்டது. ஆஸ்திரேலியாவில் அதற்கு மேல் நீதிமன்றம் கிடையாது.

இனி நடந்ததில் பெரும்பங்கு சாதாரண மனிதர்களுடையது. லெஸ் ஸ்மித் என்பவர் அட்வென்டிஸ்ட் சபையின் உணவு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நாயின் பல் துணியைக் கத்தரிக்கோல் போல் வெட்டாது என்று நிபுணர்கள் கோர்ட்டில் சொன்னதை இவர் ஏற்கவில்லை. தானே சோதித்தார். வெட்டும், நிபுணர்கள் கத்தரிக்கோலால் மட்டுமே வரும் என்று சொன்ன நூல் துணுக்குகளோடு சேர்த்தே வெட்டும் என்று காட்டினார். டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த தெறிப்பையும் விடவில்லை. அதே வகையைச் சேர்ந்த மற்ற கார்களிலும் அதே இடத்தில் அதே தெறிப்பு இருந்தது. கார் தயாரிக்கும்போது இரைச்சலைக் குறைக்க அடியில் தெளிக்கும் ஒரு தார்க் கலவை, ஒரு துளை வழியாக உள்ளே சிதறிக் காய்ந்தது அது. அதைத்தான் சிசுவின் தமனி ரத்தம் என்று ஜூரியிடம் காட்டியிருந்தார்கள்.

மற்ற ரத்தத்துக்கும் விடை கிடைத்தது. ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் முதல்கட்டச் சோதனை செம்புத் தூசிக்கும் நிறம் மாறும். சேம்பர்லின் குடும்பம் இருந்ததோ செம்பு வெட்டி எடுக்கும் மவுண்ட் ஐசாவில், அங்கே காற்றிலேயே அந்தத் தூசி. போதாததற்கு, 1979இல் விபத்தில் அடிபட்ட ஒருவரை அவர்கள் அதே காரில் ஏற்றிப் போய் உதவியிருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சோதனை முறையைக் குறைசொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மனு கொடுத்தார்கள். முன்பு தூற்றியதும் பொதுமக்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை.

ஆனால் அரசு இவை எதற்கும் அசையவில்லை. கடைசியில் அசைத்தது ஒரு துயரமான தற்செயல். 1986 ஜனவரி 26 அன்று உலூருவில் ஏறிய பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணி ஒருவர் தவறி விழுந்து இறந்தார். அவர் உடலையும் எச்சங்களையும் தேடியவர்கள் பிப்ரவரி 2 அன்று, டிங்கோ குகைகள் இருந்த பகுதியில், மண்ணில் பாதி புதைந்த ஒரு சின்னத் துணியைப் பார்த்தார்கள். வெள்ளைப் பின்னல் மேல்சட்டை. எலுமிச்சை நிற ஓரம்.

ஐந்து நாளில் லிண்டியை விடுதலை செய்தார்கள். ஏறக்குறைய மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டார். அந்த மனிதர் வேறு பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதில்லை.

நீதிபதி டிரெவர் மார்லிங் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இந்த முறை அனங்கு மக்கள் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தங்கள் சொற்களில் தடத்தைப் பற்றிச் சொன்னார்கள், அது பொருட்படுத்திக் கேட்கப்பட்டது. கேமரன் கண்ட கைத்தடத்தில் பெரும்பகுதி ரத்தமே இல்லை, உலூருவின் செம்மண் என்று தெரிந்தது. 1987இல் வந்த அறிக்கையில் மார்லிங், இந்தச் சான்றுகள் அன்றே இருந்திருந்தால் நீதிபதி ஜூரியிடம் விடுதலை செய்யச் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும் என்று எழுதினார். 1988 செப்டம்பர் 15 அன்று தண்டனைத் தீர்ப்புகள் ரத்தாயின. 1992இல் 13 லட்சம் டாலர் இழப்பீடு தந்தார்கள். அதற்குள் தம்பதியர் பிரிந்துவிட்டிருந்தார்கள்.

போலீஸ் விசாரணையைப் பொதுவில் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச்சு இல்லாவிட்டால் லிண்டி சிறையிலேயே இருந்திருப்பார். ஸ்மித் பேசியதும் விஞ்ஞானிகள் பேசியதும் பொதுவில்தான். ஆனால் அவர்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது என்ன என்று பார்த்துவிட்டுப் பேசினார்கள். மற்றவர்கள் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசினார்கள். போலீஸும் அந்த இரண்டாவது கூட்டத்தோடு சேர்ந்துகொண்டதுதான் கேடு. தாய் மேல் சந்தேகம் முதலில் விழுந்தது, சோதனைகள் அதற்குப் பின்னால் வந்தன. டாஷ்போர்டில் ரத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடியவர்களுக்கு அங்கே தெளித்திருந்த கலவை ரத்தமாகவே தெரிந்தது.

பெயர் துடைக்கப்பட்ட பிறகும் இறப்புச் சான்றிதழில் காரணம் இல்லை. 1995இல் நடந்த மூன்றாவது மரண விசாரணை, எப்படி இறந்தாள் என்று முடிவு சொல்லாமல் திறந்தே விட்டது. டிங்கோ குழந்தையைக் கொல்லாது என்று சொல்லிவந்தவர்களுக்கு 2001இல் பதில் கிடைத்தது. குவீன்ஸ்லாந்தின் கடலோரத் தீவான கெகாரியில், அப்போது அதற்கு ஃப்ரேசர் தீவு என்று பெயர், ஒன்பது வயதுப் பையனை டிங்கோக்கள் கொன்றன. லிண்டியும் மைக்கேலும் தனித்தனி வாழ்க்கையில் இருந்தும், இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் சேர்ந்து மறுபடி மனு போட்டார்கள்.

2012 ஜூன் 12 அன்று டார்வினில் மரண விசாரணை அதிகாரி எலிசபெத் மோரிஸ் நான்காவது முறையாக முடிவு அறிவித்தார். அசாரியாவை டிங்கோ தாக்கி எடுத்துச் சென்றது, அதனால் இறந்தாள். படிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. பெற்றோரிடமும் அண்ணன்மாரிடமும் வருத்தம் தெரிவித்தார். திருத்திய சான்றிதழை அன்றே பெற்றுக்கொண்டார்கள். அதற்கு முந்தைய நாள் அசாரியாவின் 32ஆவது பிறந்த நாள்.